மரத்தில் செதுக்கிய ஹாஸ்யம்

கில்ரேயும் ரோலண்ட்ஸனும் செப்புத் தகட்டில் கீறி, லண்டன் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் தொங்கவைத்த விகடச் சித்திரங்களோடு சென்ற வாரம் நிறுத்திக்கொண்டோம். தனித் தாள்களாக அச்சிட்டு, கையினால் வர்ணம் தீட்டி விற்கப்பட்ட அந்தச் சித்திரங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்து வைத்தவர்கள் தனவந்தர்கள். மற்றவர்கள் கடை வாசலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். விக்டோரியா ராணி 1837-ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்த சில வருஷங்களுக்குள்ளாகவே இந்த நிலைமை மாறி, ஹாஸ்யச் சித்திரம் வாரந்தோறும் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மாறுதலைப் பற்றி எழுதுகிறவர்கள் சித்திரக்காரர்களின் மேதையைப் புகழ்வதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கடின மரத் துண்டு ஒன்றும், அதன்மேல் குனிந்து கண் பார்வை மங்கும்வரை செதுக்கிக்கொண்டிருந்த, பெயர் தெரியாத பலருடைய கைகளும் இல்லாதிருந்தால் அந்த மேதை யாருக்கும் எட்டியிராது. அவர்களுடைய உழைப்புக்கும், சரித்திரத்தில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் என் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பதால், இந்த வாரத்தை அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

செப்புத் தகட்டிலே கீறிய பள்ளத்தில் மை தங்கி, அந்த மையைத் தாள் உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குத் தனி யந்திரமும் தனி ஓட்டமும் வேண்டும். மரத்திலோ மேடாக நிற்கும் இடந்தான் மையை ஏற்கிறது. அச்சுக்கோக்கும் ஈய எழுத்துக்களும் அப்படியே மேடாக நிற்பவை. ஆகையால், எழுத்தின் உயரத்துக்கே மரத்தை அறுத்துக்கொண்டால், சித்திரத்தையும் எழுத்தையும் ஒரே பாரத்தில் பூட்டி, ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான பிரதிகளை எடுத்துவிடலாம். மரத்தின் நெடுக்குப் பலகையை விட்டுக் குறுக்கு வெட்டு முகத்தை எடுத்து, உலோகம் செதுக்கும் நுண்ணிய உளிகளால் அதில் வேலை செய்யும் வித்தையை, நியூகாஸில் நகரத்தில் வாழ்ந்த தாமஸ் ப்யூயிக் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் பறவைகளையும் மிருகங்களையும் செதுக்கி உன்னத நிலைக்குக் கொண்டுவந்தார். 'பஞ்ச்' என்ற பத்திரிகை 1841-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி மூன்று பென்ஸ் விலையில் வெளிவந்தபோது, அதைத் தொடங்கியவர்களுள் ஹென்றி மேஹ்யூ, மார்க் லெமன் ஆகிய எழுத்தாளர்களோடு எபனீஸர் லாண்டெல்ஸ் என்ற மரச்செதுக்குக் கலைஞரும் ஒருவராக இருந்தார். ஹாஸ்யப் பத்திரிகை நடத்துவதற்குப் பேனா எவ்வளவு அவசியமோ, உளியும் அவ்வளவு அவசியம் என்பது அந்தக் காலத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதற்கு ஏற்ற மரம் பாக்ஸ் மரம். இரும்பைப் போன்ற உறுதியும், வழவழப்பான நெருங்கிய இழையும் கொண்ட அந்த மரம் மிக மெதுவாக வளர்வதால், அதன் தண்டு பருமனாவதே இல்லை. குறுக்கே அறுத்தால் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்டந்தான் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமானால் பல துண்டுகளை இணைத்துப் பின்புறத்தில் திருகாணி பூட்டியாக வேண்டும். பூட்டியதைக் கழற்றவும் முடியும் என்பதால், செய்திப் படம் போடும் பத்திரிகைகள் அவசர சமயங்களில் ஒரே சித்திரத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல தொழிலாளிகளிடம் கொடுத்து, ஒரே இரவில் செதுக்கி முடித்து மறுபடியும் பூட்டிவிடும். துண்டுகளைப் பிரிப்பதற்கு முன்னால், இணைப்பு விளிம்புகளில் ஓடும் கோடுகளை மட்டும் தலைமைத் தொழிலாளி தாமே செதுக்கிவைப்பார். இல்லாவிட்டால் ஒருவர் செதுக்கிய கை மற்றொருவர் செதுக்கிய தோளோடு பொருந்தாது. அப்படிச் செய்தும் இணைப்பு சிறிது விலகிவிட்டால், அச்சான படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். பழைய சஞ்சிகைகளின் பக்கங்களில் இன்றும் அந்தக் கோட்டைக் காணலாம்.

செதுக்குபவர் மரத்துண்டை மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் வைத்து, உளியை அசைக்காமல் மரத்தையே திருப்பித் திருப்பி வேலை செய்வார். இரவு வேளையில் விளக்குக்கு முன்னால் நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையை வைத்து, ஒளியைக் குவித்து மரத்தின்மேல் விழச் செய்வது வழக்கம். சித்திரக்காரர் ஒரே வீச்சில் பென்ஸிலால் இழுத்த கோட்டை மரத்தில் நிற்கவைப்பதற்குச் செதுக்குபவர் அதன் இரு புறத்தையும் வெட்டி எடுக்க வேண்டும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கோடுகளால் நிழல் காட்டியிருந்தாலோ, கோடுகளுக்கு நடுவே தோன்றும் எள்ளளவான கட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். சித்திரக்காரருக்கு அரை நிமிஷத்து வேலை. செதுக்குபவருக்கு அரை நாள் வேலை. இவ்வளவும் செய்து முடிக்கும்போது மரத்தின்மேல் வரைந்த அசல் சித்திரம் அடியோடு அழிந்து போயிருக்கும். உலகம் கண்டு களித்தது உளி விட்டுவைத்த கோட்டைத்தான்.

அந்த உளிக்கு உரியவர் யார்? படத்தின் மூலையில் காணப்படும் கையெழுத்து பெரும்பாலும் ஸ்தாபனத்தின் பெயராகவே இருக்கும். 1839-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டால்ஸியல் ஏற்படுத்தி, அவருடைய சகோதரர்கள் சேர்ந்து வளர்த்த டால்ஸியல் சகோதரர்களின் பட்டறையிலிருந்து அந்நூற்றாண்டின் தலைசிறந்த சித்திரப் புத்தகங்கள் வெளிவந்தன. அங்கே செதுக்கியவர்களில் பலருடைய பெயரைக்கூட நாம் அறியோம். டால்ஸியல் சகோதரர்களுடன் பிறந்த மார்கரெட் அந்தப் பட்டறையில் நெடுங்காலம் உளி பிடித்தவர்; நிறுவனத்தின் பெயரில் 'சகோதரர்கள்' என்ற சொல்லே நின்றது, சகோதரிக்கு அதில் இடமில்லை. இதைப் படித்த நாள் முதலாக, டால்ஸியல் என்று கையெழுத்திட்ட எந்தப் படத்தைக் கண்டாலும், இதில் எந்தக் கோடு அந்த அம்மையாருடையதோ என்று என் கண் தேடிக்கொண்டே இருக்கிறது.

சித்திரக்காரருக்கும் செதுக்குபவருக்கும் இருந்த உறவை ஜான் டென்னியலின் வாழ்க்கையில் மிகத் தெளிவாகக் காணலாம். 1820-இல் பிறந்த டென்னியல், இருபதாவது வயதில் தந்தையோடு வாட்பயிற்சி செய்யும்போது வாள்முனை பட்டு வலது கண்ணின் பார்வையை இழந்தார். தந்தை மனம் நொந்துபோவாரே என்று எண்ணி, காயத்தின் கொடுமையை அவரிடம் வெளியிடாமலே இருந்துவிட்டார். 1850-இல் 'பஞ்ச்' பத்திரிகையில் சேர்ந்தவர், 1901-இல் ஓய்வு பெறும் வரையில் ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள் அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் சித்திரங்களை வரைந்தார். புதன்கிழமை இரவு விருந்தில் ஆசிரியர் குழுவினர் கூடி அந்த வாரத்துச் சித்திரத்தின் விஷயத்தை விவாதித்துத் தீர்மானிப்பார்கள். வியாழனன்று அவர் அதைச் சிந்தித்து மாதிரிப் படம் போடுவார். வெள்ளியன்று காலை முதல் மரத்தின்மேல் குனிந்தபடியே வரைவார். எந்த மனிதரையும் எதிரே உட்காரவைத்து அவர் வரைந்ததில்லை. முகம், உடை, மிருகம் எல்லாம் ஞாபகத்திலிருந்தே வந்தன. மாலை ஆறரை மணிக்கு மேல், ஜோஸப் ஸ்வெயின் என்ற செதுக்குக்காரரிடமிருந்து வந்து வாசலில் காத்திருக்கும் பையன் அந்த மரத்தை வாங்கிக்கொண்டு ஓடுவான். சனிக்கிழமை இரவுக்குள் செதுக்கி முடிந்துவிடும். திங்கட்கிழமை இரவு தபாலில் பத்திரிகை வரும்போது, அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கும் தைரியம் டென்னியலுக்கு இருந்ததில்லை. அவருடைய சகோதரிதான் பிரித்துக் கொடுப்பார். அவர் ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, தம் கோடு மாறிப்போன வேதனையை வாராவாரம் அனுபவிப்பார். இந்த விவரங்களை அவரே வயோதிகப் பருவத்தில், 'பஞ்ச்' பத்திரிகையின் சரித்திரத்தை எழுதிய ஸ்பீல்மனிடம் கூறியிருக்கிறார். அவருடைய வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால், ஒரு பகலில் வரைந்ததை மறு இரவுக்குள் மரத்தில் நிறுத்திக் கொடுத்த ஸ்வெயினின் பட்டறைத் தொழிலாளிகள் எவரிடமும் எவரும் சென்று அவர்களுடைய வேதனையைக் கேட்டு எழுதிவைக்கவில்லை.

'ஆலிஸின் அற்புத உலகம்' விஷயத்தில் நிலைமை வேறு. அங்கே அவசரம் இல்லை. டால்ஸியல் பட்டறையின் கைநயமும் டென்னியலின் கற்பனையும் பூரணமாக இணைந்தன. ஆக்ஸ்போர்டில் கணிதம் போதித்த சார்லஸ் டாட்ஜ்ஸன், லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய அந்தக் கதைக்கு முதலில் தாமே படங்கள் வரைந்து பார்த்தார். பிறகு டென்னியலை நாடினார். அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவரும் அவரே. அவருடைய கணக்கின்படி 42 படங்களை வரைந்ததற்கு டென்னியலுக்குக் கொடுத்தது 138 பவுன்; அவற்றைச் செதுக்கியதற்கு டால்ஸியலுக்குக் கொடுத்தது 142 பவுன். வரைவதற்கு ஆன செலவைவிடச் செதுக்குவதற்கு ஆன செலவு அதிகம் என்ற இந்தச் சிறு கணக்கு, நான் இதுவரையில் சொல்லிவந்ததற்கு எந்த வாதத்தையும்விட வலிய சாட்சி. 1865-இல் முதலில் அச்சான 2,000 பிரதிகளின் அச்சு தமக்குத் திருப்தியாக இல்லை என்று டென்னியல் ஆட்சேபித்தவுடன், டாட்ஜ்ஸன் அவ்வளவையும் நிறுத்திவிட்டு வேறோர் அச்சகத்தில் மறுபடியும் அச்சிட ஏற்பாடு செய்தார். அந்தப் புத்தகத்தில் சிரிப்பு மட்டும் எஞ்சி நிற்க மறைந்துபோகும் பூனையின் படத்தைக் கூர்ந்து பாருங்கள். பூனையின் பின்புறம் இலைகளோடு கரைந்துபோகும் இடத்தில், கோடுகள் மெலிந்து, இடைவெளி அகன்று, வெள்ளைத் தாளோடு ஒன்றாகிவிடுகின்றன. பென்ஸில் அதைச் செய்வது சுலபம். மரத்தில் மயிரிழைபோன்ற கோட்டை மேடாக நிற்கவைத்து, நுனியில் அது இருக்கிறதோ இல்லையோ என்று மயங்கும்படி செய்ய, உளி எவ்வளவு நிதானமாக நகர்ந்திருக்க வேண்டும்!

இதே டென்னியலின் கையைப் பற்றி நம் தேசத்தவர் மறக்க முடியாத மற்றொன்றும் உண்டு. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின் செய்திகள் லண்டனை அடைந்து, கோபம் கொழுந்துவிட்டு எரிந்த சமயத்தில், ஆகஸ்டு 22-ஆம் தேதி 'பஞ்ச்' பத்திரிகையில் அவருடைய சித்திரம் ஒன்று வந்தது: வீழ்ந்து கிடக்கும் ஒரு பெண்ணின்மீதும் குழந்தையின்மீதும் நிற்கும் வங்கப் புலியின்மேல் பிரிட்டிஷ் சிங்கம் பாய்கிறது. செப்டம்பர் மாதம் வந்த மற்றொரு சித்திரத்தில் நீதிதேவதையே வாளேந்திச் சிப்பாய்களை வெட்டி வீழ்த்துகிறாள். பழிவாங்கலுக்கு நீதி என்ற திருநாமம் சூட்டி வீட்டுக்கு வீடு அனுப்பிய அந்தப் படங்களைச் சித்திர வேலைப்பாட்டுக்காகப் பாராட்ட என் மனம் இடம் தரவில்லை. சிங்கத்தின் பிடரி மயிர் அற்புதமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. அந்த அற்புதந்தான் விஷத்தை இனிப்பாக்கியது என்பதும் உண்மை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1906-இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு, அந்த ஆயுதத்தை ஆட்சியாளர்களுக்கு எதிராகவே திருப்பினார்.

டென்னியலின் சகாக்களில் ஜார்ஜ் டு மாரியேவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனவான்களின் விருந்துக் கூடங்களை அழகாக வரைந்தவர், தம் படங்களுக்கு அடியில் நீண்ட சம்பாஷணைகளை எழுதி, சித்திரத்தைப் பல சமயங்களில் எழுத்துக்குத் துணையாக்கிவிட்டார். சார்லஸ் கீன் அப்படிப்பட்டவர் அல்லர். தெருவிலே நடக்கும் குதிரை வண்டிக்காரனையும், மழையில் நனையும் போலீஸ்காரனையும், தம்பட்டம் அடிக்கும் தொண்டர்படை வீரனையும் அவர் கண்டபடியே, பரிவோடு வரைந்தார். தாமே கலந்து தயாரித்த மைகளால், சாம்பல் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் கோடுகளை இழுத்து, தூரத்தையும் மூடுபனியையும் காட்டினார். உளிக்குச் சாம்பல் நிறம் என்பது கிடையாது. மை ஏற்கும் அல்லது ஏற்காது. ஆகவே அவருடைய மங்கலான கோடுகளெல்லாம் பத்திரிகையில் கறுப்பாகவே வந்தன. அவருடைய அசல் சித்திரங்களைப் பார்த்தவர்களே அவருடைய முழுப் பெருமையையும் அறிந்தார்கள். செதுக்குபவர்களுக்காகப் பரிந்து பேசும் நான், அவர்களுடைய கலை கைவிட்ட இந்த மகா கலைஞரைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1880-க்குப் பிறகு, சித்திரத்தைப் புகைப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடில்லாத இடத்தைத் திராவகத்தால் அரித்தெடுக்கும் பிளாக் முறை பரவியது. உளியின் வேலையைத் திராவகம் சில மணி நேரத்தில், குறைந்த கூலிக்குச் செய்துவிட்டது. சித்திரக்காரரின் பேனாக் கோடு எவ்வித மாறுதலும் இல்லாமல் தாளுக்கு வந்ததனால் பெரும் நன்மை அடைந்தவர் பில் மே. லீட்ஸ் நகரத்துக்கு அருகில் வறுமையில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து வெளிவந்த 'புல்லட்டின்' பத்திரிகையில் சில வருஷங்கள் வரைந்துவிட்டுத் திரும்பிய அவர், முதலில் படத்தை நிறைவாக வரைந்துகொண்டு, பிறகு எந்தெந்தக் கோடு இல்லாமலும் உருவம் நிற்குமோ அவற்றையெல்லாம் நீக்கிவிடுவார். 1896-இல் வெளியான தெருச்சிறுவர்களின் சித்திரத் தொகுதியில், கிழிந்த சட்டையும் பெரிய தொப்பியும் அணிந்த குழந்தைகள் நாலைந்து கோடுகளிலேயே உயிரோடு எழுந்து ஓடுகிறார்கள். முப்பத்தொன்பதாவது வயதில், 1903-இல் அவர் காலமானார்.

டால்ஸியல் பட்டறை 1893-இல் திவாலாயிற்று. ஆனால் 'ஆலிஸ்' புத்தகங்களை அச்சிட்டது மரத்திலிருந்து மின்முறையில் எடுத்த உலோகப் பிரதிகளைக் கொண்டே ஆகையால், மூல மரத்துண்டுகள் தேய்மானமின்றி இருந்தன. 1985-இல் லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் ஒரு வங்கியின் பாதாள அறையில் அவை கண்டெடுக்கப்பட்டு, பிறகு நேரடியாக அவற்றிலிருந்தே படங்கள் அச்சிடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாக உலோகப் பிரதிகள் சிறிது சிறிதாகத் தடிப்பாக்கிவிட்ட கோடுகளை, உளி விட்டுவைத்த மென்மையோடு அப்போதுதான் வாசகர்கள் கண்டார்கள்.

அந்தக் கதையின் பதிப்புரிமை 1907-இல் காலாவதியானவுடன், ஆர்தர் ராக்கம் வர்ணச் சித்திரங்களோடு புதிய ஆலிஸைக் கொண்டுவந்தார். மூன்று வர்ண பிளாக்குகளும், பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல்களும், எட்வர்ட் மன்னர் காலத்துப் பரிசுப் புத்தகங்களும் அடுத்த வாரத்துக்கு உரியவை.

(தொடரும்)