தைத்துக் கட்டும் தோணி

ஆணி அடியாமல் தோணி கட்டலாகுமோ? ஆகும். சோழமண்டலக் கரையார் நெடுங்காலம் அவ்வாறே கட்டினர். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலில் வந்தோரைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதுங்கால் பிளவாது வளைந்து கொடுத்தன.

அக்கலை இன்றும் அழியவில்லை. பலகை தைத்த 'கௌண்டின்யா' என்னும் பாய்க்கப்பலை நம் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் ஏற்றுக்கொண்டது.

'கயாக்' எனும் ஒடுங்கிய துடுப்புத் தோணியை வீட்டிற் கட்டுவோரும் தையலையே நாடுகின்றனர். 4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைப்பர். மூட்டுகளில் எப்பாக்சிப் பசையும் கண்ணாடியிழைத் துணியும் இட்டு, இறுகிய பின் கம்பியைக் களைவர். பின்னர்த் தாங்குவது பசையே. ஆதலின் பலகையிற் சிக்கனம் கூடாது, ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதையே வாங்குக. சாதாரணப் பலகை நீரில் ஊறி அடுக்கடுக்காய்ப் பிரியும். உயிருக்கே உலை வைக்கும். பசையைக் காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்தே கலக்குக.

லிங்கராஜபுரத்து அன்பர்க்கு இன்னொன்று: தோணி 16 அடி நீளும். மொட்டை மாடியிற் கட்டுமுன் படிக்கட்டின் திருப்பத்தை அளந்து கொள்க. அல்சூர் ஏரி அண்மையில் உள்ளதெனினும் அனுமதியின்றி இறங்கற்க. மிதவைச் சட்டையை மறவற்க.

கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்கு ஈந்தது நம் மொழி. அப்பெருமையைப் பிள்ளைகட்கு உரைப்பதோடு அமையாது, இழைப்புளியையும் அவர்தம் கையிற் கொடுப்போமாக.