இரசாயன, மருந்துக் கழிவுகளின் வகைப்பாடு

இரசாயன, மருந்துக் கழிவுகளின் வகைப்பாடு என்பது, ஒரு கழிவை எங்கே, எப்படி அழிப்பது என்று முடிவு செய்வதற்காக அதைப் பிறப்பிடம், தன்மை ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையாகும். இந்தியாவில் 2016 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளியான மூன்று விதித்தொகுப்புகள் இதற்கு அடிப்படை அமைத்தன. அவை உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள், திடக்கழிவு மேலாண்மை விதிகள் என்பனவாகும். நெல் விளையும் காவிரிப் படுகையில் மருத்துவமனைகள், வீடுகள், வயல்கள் ஆகிய மூன்றிலிருந்தும் இத்தகைய கழிவுகள் உண்டாகின்றன.

பிறப்பிடமும் வகையும்

ஒரே பொருள் கிடைக்கும் இடத்தைப் பொறுத்து வேறு வகையில் சேரும். காலாவதியான மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மருந்து ஆலையில் அது அபாயகரமான கழிவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் அது உயிரிமருத்துவக் கழிவு. வீட்டு அலமாரியில் கிடந்தால், 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளின்படி வீட்டு அபாயக் கழிவு. மாத்திரையின் வேதிப்பொருள் மாறுவதில்லை. அதற்குப் பொறுப்பானவரும் அது செல்லும் வழியும் மாறுகின்றன.

ஆலைக் கழிவுகள்

அபாயகரமான கழிவு விதிகளின் முதல் அட்டவணை, கழிவு உண்டாகும் 38 தொழில் செயல்முறைகளை வரிசைப்படுத்துகிறது. மருந்து உற்பத்தி 28-ஆவது இடத்திலும், பூச்சிக்கொல்லி உற்பத்தி 29-ஆவது இடத்திலும் உள்ளன. இரண்டாவது அட்டவணை, நச்சுப் பொருள்களின் செறிவு வரம்புகளையும் எரியும் தன்மை, அரிக்கும் தன்மை, வினைபுரியும் தன்மை, நச்சுத்தன்மை போன்ற பண்புகளையும் தருகிறது. எடுத்துக்காட்டாக, அமில காரக் குறியீடு 2 அல்லது அதற்குக் கீழ், 12.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அக்கழிவு அரிக்கும் தன்மை உடையது.

படுகையில் உள்ள எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். எண்ணெய் கலந்த துளையிடு சேறு இப்பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டு ஆலைகளின் அபாயகரமான கழிவுகளைப் பாதுகாப்பான முறையில் புதைக்கும் பொது நிலையம் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் உள்ளது.

மருத்துவமனைக் கழிவுகள்

இவை நிறத்தால் பிரிக்கப்படுகின்றன.

- மஞ்சள்: உடற்பகுதிகள், இரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்துகள், இரசாயனக் கழிவு. பெரும்பாலும் எரியுலைக்குச் செல்லும்.
- சிவப்பு: குளுக்கோஸ் ஏற்றும் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்ற நெகிழிப் பொருள்கள். கிருமி நீக்கிய பின் மறுசுழற்சி.
- வெள்ளை: ஊசி, கத்தி முதலிய கூர்மையான பொருள்கள். துளைபடாத பெட்டியில் இடப்படும்.
- நீலம்: கண்ணாடிக் குப்பிகள், உடலில் பொருத்திய உலோகக் கருவிகள்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான உயிரணு நச்சு மருந்துகளைத் தனி அடையாளச் சீட்டுடன் மஞ்சள் பையில் இட வேண்டும். அவை தயாரிப்பாளருக்குத் திரும்ப வேண்டும் அல்லது 1200 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தில் மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் செங்கிப்பட்டிப் பகுதியில் உள்ளது.

பூச்சிமருந்துக் கலன்கள்

பூச்சிமருந்து பாட்டிலின் முக்கோணக் குறியிலும் நிறங்கள் உண்டு. அங்கே சிவப்பு மிகக் கடும் நச்சையும், மஞ்சள் கடும் நச்சையும், நீலம் நடுத்தர நச்சையும், பச்சை குறைந்த நச்சையும் குறிக்கும். இவை உள்ளே இருக்கும் மருந்தின் நச்சுத்தன்மையைக் காட்டுபவை. மருத்துவமனைப் பையின் நிறங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காலிக் கலன்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. ஆனால் சம்பா பருவத்தில் நீர் தேங்கும் படுகை நிலத்தில் புதைத்த நச்சு எளிதில் கசியும். வீட்டு அளவில் சேரும் பூச்சிமருந்து டப்பாக்களை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சிகள் அமைக்க வேண்டும் என்றும் அவை கூறின. தெளிக்கும்போதே பாட்டிலை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டால் எஞ்சும் நச்சு வெகுவாகக் குறையும்.

தவறாகப் பிரிப்பதன் விளைவுகள்

உடைந்த வெப்பமானியின் பாதரசம் மருத்துவமனையில் கிடைத்தாலும் அபாயகரமான கழிவாகவே கையாளப்பட வேண்டும். அதை மஞ்சள் பையில் இட்டால் எரியுலையில் ஆவியாகிக் காற்றில் கலக்கும். குளோரின் கொண்ட நெகிழியை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகலாம். கொட்டிவிடப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருக வழி செய்யும்.

கல்லணையில் பிரியும் நீர் ஆறு, வாய்க்கால், மதகு எனப் பல கிளைகளாகி வயல்களை அடைகிறது. ஓர் ஊர் வாய்க்காலில் எறியும் குப்பி அடுத்த ஊரின் வயலுக்கோ குளத்துக்கோ போய்ச் சேரலாம். பல பொருள்கள் கலந்துவிட்ட பிறகு அவற்றைப் பிரிப்பது கடினம், ஆபத்தும்கூட. ஆகவே கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைப் பிரிப்பது இவ்வகைப்பாட்டின் முதல் படியாகும்.