இரு மொழியிற் பிறந்த ஒரே நாவல்

பின்லாந்து ஏரிகள் மலிந்த நாடு. அவை ஏறக்குறைய 1,88,000 என்பர். அந்நாட்டிலேயே தண்ணீருக்குப் பஞ்சம் நேர்வதாகக் கற்பனை செய்தவர் எம்மி இத்தாரந்தா அம்மையார். 1976இல் தம்பெரே நகரிற் பிறந்த இவர், இங்கிலாந்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை பயில்கையில் தமது முதல் நாவலைத் தொடங்கினார். அதனை ஆங்கிலத்திலும் தாய்மொழியாகிய பின்னிஷிலும் ஒருங்கே எழுதினார். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. பரீட்சைக் கட்டுரையை ஒருமுறை எழுதவே சலிக்கும் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

கதை நிகழ்வது, இராணுவம் நீரை அளந்து கொடுக்கும் ஓர் எதிர்காலத்தில். தேநீர்ச் சடங்கு நடத்தும் தந்தை, தம் மகள் நோரியாவுக்கு மறைவானதோர் ஊற்றைக் காட்டுகிறார். தாகத்தால் வாடும் ஊராருக்கு அதனைச் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் உயிருக்கே ஆபத்து.

பின்னிஷ் நூல் 2012இலும் ஆங்கில நூல் 2014இலும் வெளிவந்தன. 2015இல் அது ஆர்தர் சி. கிளார்க் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்து 2008இல் மறைந்த அதே கிளார்க்கின் பெயராலேயே அப்பரிசு வழங்கப்படுகிறது.