உஷார்! பிள்ளையின் கனவைப் பயம் தீர்மானிக்கிறது

செங்காங் பிள்ளைகளுக்கு எல்ஆர்டி என்றால் உயிர். ஏறியதும் ஓடிப்போய் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஓட்டுநர் உட்கார வேண்டிய இடம் அது. ஆனால் 2003இல் ஓடத் தொடங்கிய நாள் முதல் இந்த ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. அங்கே நின்றபடிதான் "பெரியவனானதும் நான் ரயில் ஓட்டுவேன்" என்கிறது பிள்ளை. நாமும் சிரித்துக்கொள்கிறோம்.

அந்தக் கனவால் கெடுதல் ஒன்றுமில்லை. பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கும்போது நாம் கையில் எடுக்கும் பட்டியல்தான் ஆபத்து: டாக்டர், வக்கீல், வங்கி, கம்ப்யூட்டர். அதற்கு வெளியே பிள்ளை எதைச் சொன்னாலும் "அதில் என்ன சம்பளம் வரும்?" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். நம் தாத்தாமார் பலர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதுகு ஒடிய உழைத்தவர்கள். படித்து மேசை வேலைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த வியர்வை கற்றுக்கொடுத்த பாடம். அது ஒரு தலைமுறையையே கரையேற்றியது. இன்று துவாஸ் துறைமுகத்தில் கொள்கலன்களை ஓட்டுநரில்லா வண்டிகள் சுமந்து செல்கின்றன. ஆனால் இந்த முறை இயந்திரம் துறைமுகத்தோடு நிற்கவில்லை. மேசைக்கும் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் டிபிஎஸ் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தா, செயற்கை நுண்ணறிவால் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒப்பந்த, தற்காலிக ஊழியர்களில் சுமார் 4,000 பேர் குறைவார்கள் என்றார். அதே நுண்ணறிவை ஒட்டி ஏறக்குறைய 1,000 புதிய வேலைகள் வரும் என்றும் சொன்னார். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பட்டியலுக்குள் சுற்றுவது நம் வீடுகள் மட்டுமல்ல. பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 41 நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டிருந்தார்கள். பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் சொல்லிவைத்ததுபோல் வெறும் பத்து வேலைகளுக்குள்தான் சுற்றினார்கள். பிள்ளைகள் சொன்ன வேலைகளில் 39 விழுக்காடு 10, 15 ஆண்டுகளில் இயந்திரமயமாகலாம் என்றும் அந்த ஆய்வு எச்சரித்தது. சாட்ஜிபிடி வருவதற்கு முந்தைய கணக்கு இது.

நம் பள்ளிகளில் 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் எல்லாருக்கும் 10 மணி நேர கோடிங் வகுப்பு கட்டாயமானது. நல்ல திட்டம். ஆனால் பல பெற்றோர் அதை 'இனி கோடிங்தான் சோறு' என்று புரிந்துகொண்டு வார இறுதியையும் துணைப்பாடத்தில் அடைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வந்து நிற்கும் இந்த நேரத்தில், புதிதாகச் சேரும் இளையருக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன நிரல் வேலைகளை இயந்திரம் எழுதித் தருகிறது. வேலை பழகவே அந்த முதல் படிதான் உதவியது. நம் பல்கலைக்கழகங்களில் 2023இல் படிப்பை முடித்து வேலைச் சந்தைக்கு வந்தவர்களில் 84.1 விழுக்காட்டினருக்கு முழுநேர நிரந்தர வேலை கிடைத்திருந்தது. 2024இல் அது 79.5 ஆனது. பொருளியல் மந்தம் உட்பட அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் கதவு இறுகுகிறது என்பது உண்மை.

அதற்காக எதிர்த்திசையில் ஓடாதீர்கள், அதுவும் ஆபத்து. செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்திவிடலாம் என்று 2016இல் சொன்னார். பின்னாளில் நோபெல் பரிசு பெற்றவரின் வாக்கு அது. இன்றும் மருத்துவமனைகள் அந்த மருத்துவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் வாசலிலேயே பாருங்கள். 2025 ஆகஸ்ட் 12 அன்று மின்கோளாறால் வடகிழக்கு ரயில் தடத்தின் பல நிலையங்களும் செங்காங், பொங்கோல் எல்ஆர்டியும் முடங்கின. ஓட்டுநரில்லா ரயிலை மறுபடி ஓடவைத்தவர்கள் மின்பணி தெரிந்த மனிதர்கள். ஐடிஇயில் மின்னியல் படிக்கப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால் முகம் சுளிக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பெரியவர்களுக்கு. நாற்பதைத் தாண்டி ஆட்குறைப்பில் சிக்கியவரின் பயம் பிள்ளையைப் பற்றிய பயத்தைவிடக் கூர்மையானது. அதை மோசடிக்காரர்கள் மோப்பம் பிடித்து வருகிறார்கள். 'இயந்திரத்தால் பறிக்க முடியாத வேலை, ஆறே வாரத்தில் சான்றிதழ்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், சிங்பாஸ் விவரம் மட்டும் கொடுங்கள் என்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2017இல் பிடிபட்ட ஒரு கும்பல், ஒன்பது நிறுவனங்களை வைத்துப் போலிக் கோரிக்கைகளால் ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளி பயிற்சி நிதியைச் சுருட்டியிருந்தது. சந்தேகம் வந்தால் உடனே மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

பிள்ளை இருக்கும் வீட்டில் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரியவில்லை என்று கேளுங்கள். பதில் உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் குறுக்கே பேசாதீர்கள்.

பெரியவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் கொடுக்கப்படும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகைக்குக் காலாவதித் தேதி கிடையாது. "இந்த மாதத்தோடு காலாவதியாகிவிடும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள்" என்று அதைக் காட்டி அவசரப்படுத்துகிறவர் பொய் சொல்கிறார்.