எழுந்தால் ஏன் தலை சுற்றுகிறது?

படுக்கையிலிருந்து எழுந்ததும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு, நொடிகளில் இதயத்தை விரைவுபடுத்தி, ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. இதய நோயாளிக்கு இந்த ஏற்பாடுதான் தடுமாறுகிறது. மாத்திரைகளுக்கும் அதில் பங்குண்டு. பீட்டா பிளாக்கர் துடிப்பை ஏறவிடாது, நைட்ரேட் குழாய்களைத் தளர்த்தும், நீர் பிரியவைக்கும் மாத்திரை ரத்தத்தின் அளவையே குறைக்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அது கோளாறு. உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது பிடிபடாமல் போகலாம்; படுத்தபடியும் நின்றபின்னும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படியானால் மாத்திரையை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பு வரைகூடப் போகலாம். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. உப்புப் போட்ட மோர் குடித்தால் போதும் என்பார்கள். மற்றவர்களில் பலருக்கு அது சரியாக இருக்கலாம், ஆனால் இதயம் பலவீனமானவருக்கு அதே உப்பு கால்வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கொண்டுவரும். அதனால் உடலுக்குள் எதையும் சேர்க்காத வழிகளையே நான் முதலில் வைப்பேன்: கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுவது; கண் இருட்டினால் கால்களைப் பின்னித் தொடையை இறுக்குவது. கெண்டைக்கால் சதை சுருங்கும்போது, தேங்கிய ரத்தம் பிதுங்கி மேலேறுகிறது. படபடப்போடு தலை சுற்றினாலோ மயங்கி விழுந்தாலோ துடிப்புக் கோளாறாக இருக்கலாம். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.