'ஃப்ரீ' என்னும் சொல்லும் திருப்பதி வட்டாரத்து 'உசித'மும்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் சொல் அடிமைப்படாத, தடையற்ற, ஓய்வான, கட்டணமில்லாத எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இவையனைத்தையும் தழுவும் ஒரு சொல் தமிழில் இல்லை. சுதந்திர நாடு, தடையற்ற வாணிகம், ஓய்வு நேரம், இலவச மருத்துவம் எனச் சூழலுக்கேற்பச் சொல் வேறுபடும். இவற்றுள் 'கட்டணமில்லாத' என்னும் பொருள், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மொழிபெயர்ப்பாளர்க்குத் தனிச் சிக்கலை உண்டாக்குகிறது.

இப்பொருளுக்குத் தெலுங்கு மேற்கொண்ட சொல் 'உசித' என்பதாகும். வடமொழியில் 'தகுந்த' எனப் பொருள்படும் இச்சொல், தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் அப்பொருளிலேயே நின்றது. தெலுங்கிலும் கன்னடத்திலும் பழம்பொருளோடு 'விலையின்றி' என்னும் பொருளையும் ஏற்றது. மலையாளத்தில் இலவசத்தைக் குறிக்கும் 'சௌஜன்யம்' வடமொழியில் நற்பண்பைச் சுட்டுவது. தகுதியையும் நற்பண்பையும் குறித்த சொற்கள் விலையின்மையைக் குறிக்க வந்தமை பொருண்மை மாற்றத்தில் நோக்கத்தக்கது.

எனவே, தெலுங்கின் 'உசித வைத்தியம்' தமிழில் 'இலவச மருத்துவம்' ஆகுமேயன்றித் 'தகுந்த மருத்துவம்' ஆகாது. தெலுங்கின் 'உசித சலஹா' காசின்றிக் கிடைப்பது. கேளாமலே வருவது என்ற ஏளனக் குறிப்பும் அதற்குண்டு. தமிழின் 'உசிதமான ஆலோசனை'யோ ஏற்கத்தக்கது. இவ்வேறுபாட்டை அறியத் தெலுங்கின் சொல்லமைப்பு ஓரளவு துணைபுரியும். பெயருக்கு முன் நேரே நிற்கும் 'உசித' பெரும்பாலும் விலையின்மையையும், 'ஐன' சேர்ந்த 'உசிதமைன' பெரும்பாலும் தகுதியையும் உணர்த்தும்.

ஆங்கிலத்தின் வழியாக மொழிபெயர்க்கும்போது மற்றோர் இழப்பு நேர்கிறது. திருமலையில் 'சர்வ தரிசனம்' எனப்படுவது ஆங்கிலத்தில் 'ஃப்ரீ தர்ஷன்' என வழங்குகிறது. அதனைத் தமிழாக்குவோர் 'இலவச தரிசனம்' என்பர். 'சர்வ' என்னும் அடை யாவர்க்கும் உள்ள உரிமையைச் சுட்ட, 'இலவச' என்பது கட்டணத்தின் இன்மையை மட்டுமே சுட்டுகிறது. 'பொது தரிசனம்' என்பதே மூலத்திற்கு நெருங்கியது. திருமலையில் கட்டணமின்றி இயங்கும் பேருந்துக்குத் 'தர்ம ரதம்' என்று பெயர். அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்று வழங்கிய தமிழர்க்கு இப்பெயரை விளக்க வேண்டுவதில்லை.

'இலவசம்' என்னும் சொல்லில் ஏற்பவரைத் தாழ்த்தும் சாயல் படிந்துள்ளது. தமிழ்நாட்டரசு 2011 முதல் 'விலையில்லா' என்றும், 2021இல் மகளிர் பேருந்துப் பயணத்திற்குக் 'கட்டணமில்லா' என்றும் கூறியது இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆதலின் 'ஃப்ரீ' என்பதைத் தமிழாக்குவோர், பேசப்படுவது விலையா, உரிமையா, கொடையா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தெலுங்கு மூலம் கிடைக்குமிடத்து, ஆங்கிலத்தை இடைநிறுத்தாமல் அதனையே நேரே நோக்குதல் நன்று.