ஏரிக்கரைக்கு ஒரு வாத்தியார்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மீனவப் பெண், "நான் டீச்சருக்குப் படிக்கட்டுமா?" என்று வீட்டிலே கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பாக்கத்திலும், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய நொச்சிக்குப்பம், சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களிலும் அவளுக்கு என்ன பதில் கிடைக்கும்? "படித்தவர்களுக்கே வேலை இல்லை, நீ படித்து என்ன கிழிக்கப் போகிறாய்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஆள் எடுக்கிறார்கள், போய்ச் சேர்!" என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பட்ட பாடு அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் நம் தோழர்களும் அதே பதிலைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விடலாமா? கூடாது என்கிறோம்.

1953ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா, தோழர்களே? ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. பள்ளிக்கூடம் நாளுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்திலே பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்க வேண்டுமாம்! குயவன் மகன் சக்கரத்தின் முன்னே, நாவிதன் மகன் கத்தியோடு, மீனவன் மகன் வலையோடு! குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு மூண்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சரி, உத்தரவு போய்விட்டது, வழக்கம் போய்விட்டதா? படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை, வழி தெரியாத காரணத்தாலேயே கரையில் நிறுத்திவிட்டால், உத்தரவு இல்லாமலே குலக்கல்வி நடக்கிறது என்றுதானே பொருள்!

ஏரியைப் பாருங்கள். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் அதை நம்பிப் பிழைப்பவனுக்கு நிச்சயம் என்று ஒன்று கிடையாது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்துக் குறைகிறது. 'பாடு' என்ற முறைப்படி, இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், அடிதடி இல்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ள முன்னோர் கண்ட வழி. ஆனால் அந்தப் பாடு ஆண்களின் பெயரில் வருகிறது. மகளுக்குப் பங்கு எங்கே? மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகம் ஒன்று அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பாடு என்பதை எண்ணிப் பாருங்கள்.

வழி என்ன? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புகிறவர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு திரூரிலே அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மேல் வகுப்புகளுக்கு என்றால் பட்டப் படிப்பு, அதன்மேல் இரண்டாண்டு பி.எட். "எதற்கும் பி.எட். முடித்து வைப்போம், சின்ன வகுப்புக்கும் போகலாம்" என்று இனி எண்ண வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இது தெரியாமல் பணத்தையும் வருடத்தையும் தொலைப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளே. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள்!

பட்டயம் வாங்கினால் வேலையா? இல்லை. அடுத்து தகுதித் தேர்வு என்ற சுங்கச்சாவடி. 150 கேள்வி, 150 மதிப்பெண். 2012 ஜூலையிலே தமிழகத்தில் முதன்முதலாக இந்தத் தேர்வு நடந்தபோது, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! 2014இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 60 சதவீதம் 55 ஆகத் தளர்த்தப்பட்டது. சரி, தேறிவிட்டார். இப்போதாவது வேலையா? அதுவும் இல்லை. 2018இல் வந்த அரசாணை, நியமனத்துக்கென்று தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுதச் சொல்கிறது. இதெல்லாம் போதாதென்று 2025 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பல ஆண்டு பாடம் நடத்தியவர்களே ஆனாலும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது.

தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரைகுறையாகப் படித்தவரிடம் நம் குழந்தைகளை ஒப்படைக்க நமக்கும் சம்மதமில்லை. ஆனால் சாவடிக்கு மேல் சாவடி வைத்தால் யார் கடந்து போவார்? பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, வேலைக்குப் போகாமல் ஓராண்டு உட்கார்ந்து படிக்க வசதி உள்ளவர் போவார். விடியற்காலையில் மீன் கூடை தூக்கும் வீட்டுப் பெண் நிற்பார்.

சம்பளத்திலும் வம்பு உண்டு. இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கும் பின் சேர்ந்தவருக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் விழுந்தது. முன்னவருக்கு 8,370, பின்னவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை, இரண்டு கூலி! சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் போகச் சொல்கிறோம்? ஆரம்பாக்கம் எல்லை ஊர். வீட்டிலே தெலுங்கு, பள்ளியிலே தமிழ் என்று வரும் குழந்தைகள் உண்டு. அப்பாவோடு ஏரிக்குப் போனதால் வகுப்புக்கு வராத பையன் உண்டு. பள்ளிக்கூடத்துப் படியையே மிரட்சியோடு பார்க்கும் இருளர் குழந்தை உண்டு. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய வெளியூர் ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும், அந்தப் பையன் ஏன் வரவில்லை என்று குடிசைக்குப் போய்க் கேட்க அவருக்கு நேரமேது? ஏரிக்கரையிலேயே பிறந்த ஆசிரியைக்குப் பையனின் அம்மாவைத் தெரியும். அவனுடைய தெலுங்கும் தெரியும்.

முதலில் அந்தப் பெண்ணுக்கு வேலை பிடிக்கிறதா என்று பார்க்கட்டும். 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்ப் பெண்கள் மாலையில் குழந்தைகளை உட்கார வைத்துக் கற்பித்தார்கள். அதேபோல் பத்துக் குழந்தைகளை மூன்று மாதம் வைத்துப் பார்க்கட்டும். கத்தலும் மூக்குச்சளியும் சலிப்புத் தட்டாவிட்டால் திரூருக்கு விண்ணப்பம் போடட்டும்.

விண்ணப்பம் எப்போது, சாதிச் சான்றிதழ் எங்கே, மீனவருக்கு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் இருளருக்குப் பழங்குடியினர் பிரிவிலும் என்ன இடம் என்பதையெல்லாம் கிளைத் தோழர்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தகுதித் தேர்வு தேறியவர் பக்கத்து ஊரில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும். சும்மா பெட்டியில் கிடக்கிறது. படிப்பகத்திலே பழைய வினாத்தாள்களை வாங்கி வையுங்கள். நாளேடு படிக்க ஆள் வரும் நேரம் முடிந்ததும் விளக்கை அணைத்துப் பூட்டாமல், தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இரவு பத்து மணி வரை திறந்து வைத்தால் மின்சாரக் கட்டணம் எவ்வளவு கூடும் என்று கிளைச் செயலாளர் இந்த வாரக் கூட்டத்திலேயே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.